அப்பா பள்ளிச்சபையில் இருந்த இரண்டு ஆண்டுகள்

பள்ளிக்கூட வாசற்கதவின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் அப்பாவின் பெயர் எட்டாவதாக, எல்லோருக்கும் கடைசியாக இருந்தது. எங்கள் நீளமான குடும்பப் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். அப்பா அதைத் திருத்தச் சொல்லவில்லை. காய்கறிப் பைகளோடு லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருப் பக்கம் போகிற தெரிந்தவர்கள் யாராவது நின்று பார்க்கிறார்களா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அது பெற்றோர் பிரதிநிதிகளுக்கான தேர்தல். ஒவ்வோர் ஒக்டோபரிலும் நடக்கும். தாய்க்கு ஒரு வாக்கு, தகப்பனுக்கு ஒரு வாக்கு. எந்த நாட்டுக் குடியுரிமை என்று எவரும் கேட்பதில்லை. அகதி அட்டையோடு இருந்த அப்பாவுக்கு இந்த நாட்டில் திறந்திருந்த வாக்குப்பெட்டி அது ஒன்றுதான். வகுப்புக்கு ஓர் இடமாகப் பத்து இடங்கள். போட்டியிட்டது ஒரே பட்டியல், அதில் எட்டுப் பேர். நின்ற எல்லோரும் வந்தார்கள். அப்பா அதை வெற்றி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் நின்றது அண்ணாவால். அண்ணா வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. கணக்கை மனதிலேயே போட்டுவிடுவான். வாசி என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆரம்பப் பள்ளியின் கடைசி ஆண்டில் அவனுடைய பையில் ஒரு தாள் வந்தது. நீச்சலுக்கு, சுற்றுலாவுக்கு என்று வாரம் ஒரு தாள் வருவது வழக்கம். உணவகத்தில் கோப்பை கழுவப் போகிற அவசரத்தில் அப்பா நின்றபடியே கையெழுத்து வைப்பார். இதற்கும் வைத்தார். ஜூன் மாதம் அடுத்த கடிதம் வந்தபோது, கீழ்வீட்டில் இருந்த மன்னார் அன்ரிதான் வாசித்துச் சொன்னார்.

"அண்ணை, பெடியனை மற்றப் பிள்ளையளோடை விடேல்லை. படிப்பிலை பின்தங்கின பிள்ளையளின்ரை தனிப் பிரிவுக்கு அனுப்பினம். நீங்கள் ஓம் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறியள்."

அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போகாமல் அதிபரிடம் போனார். அவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். முடிவெடுக்கும் குழு கூடிக் கலைந்துவிட்டது என்றார். செப்டெம்பரில் புதிய பள்ளிக்குப் போன முதல் வாரமே அண்ணாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: "கையெழுத்து வைத்தது நீங்கள்தான்." பாதிப் பிரெஞ்சு விளங்காத அப்பாவுக்கு அது முழுதாக விளங்கியது. அடுத்த மாதம், நான் இன்னும் படித்துக்கொண்டிருந்த பழைய பள்ளியில் அவர் பட்டியலுக்குப் பெயர் கொடுத்தார்.

சபை ஆண்டுக்கு மூன்று தரம் கூடும். அதிபர் தலைமை, ஆசிரியர்கள், நகரசபையிலிருந்து ஒருவர், பெற்றோர் பிரதிநிதிகள். முதற் கூட்டத்தன்று அம்மா வேலையில் நின்றதால் நான் நடைவழி வாங்கில் அமர்ந்து காத்திருந்தேன். மதியச் சாப்பாட்டையும் கழிவறைப் பூட்டுகளையும் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் அப்பாவின் குரல் கேட்டது. பல நாள் பாடமாக்கிய வாக்கியம்: முக்கியமான தாள்களைக் கையெழுத்துக்கு முன் பெற்றோரின் மொழியில் ஒருவர் விளக்க வேண்டும். அதிபர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். தனி ஒரு பிள்ளையின் விடயத்தை இந்தச் சபை பேச முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் சொன்னார். "எங்கடை பிள்ளையின்ரை கதை முடிஞ்சுதப்பா. மற்றப் பிள்ளையளுக்குத்தான் கேட்டனான். அதைச் சொல்லப் பிரெஞ்சு வரேல்லை."

கூட்டக் குறிப்பில் ஒரு வரி வந்தது: மொழிபெயர்ப்புப் பற்றி ஒரு பெற்றோர் கேட்டார், கவனத்தில் கொள்ளப்பட்டது. ஆறு கூட்டங்களிலும் அதே கேள்வி, அதே வரி. அந்தச் சபை கருத்துச் சொல்லலாம், இப்படியான முடிவுகள் வேறெங்கோ எடுக்கப்படும் என்பது இரண்டாம் ஆண்டில்தான் அவருக்குப் பிடிபட்டது. அப்படியும் முதலாளியிடம் கெஞ்சி நேரம் வாங்கிப் போனார். நான் அந்தப் பள்ளியை முடித்ததும் அவருடைய இடமும் முடிந்தது. அங்கே பிள்ளை படிக்காதவர் நிற்க முடியாது.

அப்பா இறந்து நான்கு ஆண்டுகள். கடைசிவரைக்கும் அண்ணாவும் அவரும் தேவைக்கு மட்டுமே பேசினார்கள், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். அந்தக் கூட்டங்களில் அப்பா என்ன கேட்டார் என்று நான் அண்ணாவுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அண்ணா இப்போது திரான்சியில் இருக்கிறான். பொதி விநியோக வான் ஓட்டுகிறான். மகன் இந்த ஆண்டு பள்ளி தொடங்கிவிட்டான். பையில் வருகிற ஒவ்வொரு தாளையும் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை. போன மாதம் பெற்றோர் தேர்தலுக்கான வாக்குச்சீட்டும் கவர்களும் வந்தன. என்னோடு எப்போதும் பிரெஞ்சில் பேசுகிறவன், அன்று தொலைபேசியில் தமிழில் கேட்டான்.

"இது என்ன?"

விளக்கினேன். வாக்குச்சீட்டை உள்ளே வைத்து ஒட்டி, மகனின் பையிலேயே கொடுத்துவிடலாம் என்றேன்.

"கையெழுத்து வைக்கவேணுமோ?"

"ஓம். வெளிக் கவரிலை."

வான் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்ப விடு," என்றான்.

அவனை நான் வற்புறுத்தவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அவனுடைய கவர் இல்லாமலே பெட்டியைத் திறந்து எண்ணியிருப்பார்கள்.