அடைபட்ட புள்ளி

எங்கள் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் அக்காவுக்குச் சண்டைக்கோழி என்று பெயர். வைத்தவன் மெஷின் ஓட்டும் நான்தான். எழுத்துக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பாள்.

"கல்யாணப் பத்திரிகைக்கு நெளிவு சுளிவா போடலாம். மருந்துக்கு எதுக்கு சார் அலங்காரம்? காய்ச்சல் புள்ளைய மடியில போட்டுக்கிட்டுப் படிப்பாங்க" என்று முதலாளியிடமே எகிறுவாள்.

குழந்தைகளின் இருமல் மருந்து லேபிளுக்கு, அடர்சிவப்பில் ஒல்லியான வெள்ளை எழுத்து வேண்டும் என்றார் முதலாளி. "மை பரவி அடைச்சிடும் சார்!" என்று கத்தி, அளவு சொல்லும் வரியை மட்டும் வெள்ளைப் பட்டையில் தடித்த கறுப்பாக வைத்தாள் அக்கா. அவள் லீவு போட்ட அன்று முதலாளி பட்டையைத் தூக்கிவிட்டு, அந்த வரியையும் ஒல்லி வெள்ளை எழுத்தாக்கிவிட்டார். ஓட்டியது நான். 2.5 மில்லியில் புள்ளி மையில் மூழ்கி, 25 என்று நின்றது. பார்த்தேன். அச்சுப் பிளேட்டைப் புதிதாகச் செய்து மாற்றினால் அரை நாள் போய்விடும் என்று, பாவி, அப்படியே ஓட்டினேன்.

பத்தாம் நாள் காலை ஒருவன் இரும்புக் கம்பியோடு உள்ளே பாய்ந்தான். அவன் தங்கை மகள் அந்த மருந்தை லேபிளில் இருந்தபடி 25 மில்லி குடித்துவிட்டு இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள்.

முதல் அடியில் கம்ப்யூட்டர் நொறுங்கியது. அடுத்தது முதலாளியின் தோளில் இறங்கியது.

"எவன்டா இந்த எழுத்தப் போட்டது?"

முதலாளி கொஞ்சமும் கூசாமல் அக்காவைக் கைகாட்டினார்.

தடுக்க உயர்ந்த அவள் வலது கையில் கம்பி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவன் பையிலிருந்த மருந்து பாட்டிலை எடுத்து அவள்மேல் வீசினான். தரையில் உருண்டதை இடது கையால் எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்தாள்.

"இது நான் வெச்ச பக்கம் இல்ல." என்னைப் பார்த்தாள். "எத்தனடா ஓட்டின?"

வாயைத் திறக்காதே என்று முதலாளி கண்ணைக் காட்டினார். நாசமாய்ப் போகட்டும்!

"பத்தாயிரம்க்கா. புள்ளி அடைச்சது தெரிஞ்சுதான் ஓட்டினேன்."

கம்பி என் தலைக்கு நேரே உயர்ந்தது. விழட்டும் என்று நின்றேன். உடைந்த கையை வயிற்றோடு அணைத்தபடி அக்கா குறுக்கே வந்தாள்.

"இவன அப்புறமா கொல்லு. அந்த பாட்டிலெல்லாம் இன்னும் வெளிய இருக்கு. மொதல்ல மருந்து கம்பெனிக்கு போன் போடட்டும்."

போனை எடுத்து, பாட்டிலில் இருந்த கம்பெனி எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். அவன்தான் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, போனைப் பிடுங்கி அழுத்தினான்.