மாமா காப்பாற்ற மறுத்த நகரம்

போன வாரம் என் மகன் ஒரு கதைப் புத்தகத்தைச் சுவரில் வீசி எறிந்தான். படிப்பவனே கதாநாயகன் என்று சொல்லும் வகைப் புத்தகம். பூதப்படை சூழ்ந்த நகரம் ஒன்று. வடக்கு வாசலைத் திறப்பதென்றால் இந்தப் பக்கத்துக்குப் போ, சுரங்கத்தில் இறங்குவதென்றால் அந்தப் பக்கத்துக்குப் போ என்று வழி பிரிந்துகொண்டே இருக்கும். எல்லா வழியிலும் போய்ப் பார்த்துவிட்டான். எல்லாவற்றிலும் நகரம் எரிந்துபோகிறது.

“அப்ப என்னை எதுக்கும்மா கேக்குறான்?” என்று கத்தினான். சோறு வேண்டாமென்று போய்ப் படுத்துக்கொண்டான்.

பிள்ளைகளுக்கு இப்படியும் எழுதி விற்பார்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று யோசித்தபோதுதான், இதே அநியாயத்தை நானும் அனுபவித்திருக்கிறேன் என்பது உறைத்தது. இன்னும் அதிலிருந்து மீளவில்லை.

அப்போது நாங்கள் போர்ட் பிளேரில், டெலானிபூர் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். நான் நான்காம் வகுப்பு. அப்பாவுக்கு பி.டபிள்யூ.டி.யில் வேலை. அம்மாவின் அண்ணன், பர்மாவிலிருந்து வந்தவர், எங்களோடு தங்கியிருந்தார். தச்சு வேலைக்குப் போவார். வேலை இல்லாத நாளில் எங்களோடு விளையாடுவார். பொய் சொல்வதில் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. வாங்காத மீனை வாங்கியதாகவும், அது நாறியதாகவும் சண்டை போட்டு, மீன்காரரிடம் கொசுறாக ஒரு மீன் வாங்கி வந்துவிடுவார்.

அந்த மழைக்காலத்தில், தாத்தா காரியத்துக்காக அப்பா ஊருக்குப் போயிருந்தார். அவர் திரும்பும் கப்பல் புயலால் தாமதமானது. மெயின்லேண்ட் கப்பல் லேட் என்றால் எங்கள் தீவில் வெங்காயம் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, வீட்டுக்கு வீடு பப்பாளிக்காய்க் கூட்டு என்று பொருள். பெரியவர்கள் பதறமாட்டார்கள். “கப்பல் வரட்டும்” என்பார்கள். செருப்பு அறுந்தாலும் கப்பல் வரட்டும், பாடப்புத்தகம் கிடைக்காவிட்டாலும் கப்பல் வரட்டும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் சாமியை நம்பி வளர்ந்தது போல, நாங்கள் கப்பலை நம்பி வளர்ந்தோம்.

அந்த நாட்களில்தான் மாமா வீட்டுக்குப் பின்னால் செம்மண்ணில் ஒரு நகரம் கட்டினார். தீப்பெட்டி வீடுகள், சிரட்டைக் கோபுரங்கள், சுற்றிலும் மதில். மதிலுக்கு வெளியே சிப்பிகளும் சோழிகளுமாகப் பூதப்படை. ஒரு பக்கம் மட்டும் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிக் கடல் வைத்திருந்தார். நான் ராணி. பக்கத்து வீட்டு வங்காளிப் பையன் சேனாதிபதி. மாமா விதி.

“மகாராணி, அரிசி தீந்துபோச்சு. கெழக்கு வாசலைத் தொறக்கவா, பூட்டியே வைக்கவா?”

திறக்கச் சொன்னேன். பூதங்கள் புகுந்தன, நகரம் விழுந்தது. மறுநாள் பூட்டச் சொன்னேன். உள்ளே பஞ்சம் வந்து விழுந்தது. சேனாதிபதி சுரங்கம் தோண்ட உத்தரவிட்டான். மழைத்தண்ணீர் புகுந்து சேனை மூழ்கியது.

“யே தோ சீட்டிங் ஹை, மாமா!” என்று அவன் குதித்தான்.

“சண்டைன்னா சீட்டிங் இல்லாம வேற என்னடா இருக்கு, சேனாதிபதி?” என்று மாமா சிரித்தார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறு சிந்தனையே இல்லை. வாய்ப்பாடு சொல்லும்போது வழி கிடைத்துவிட்டது. இவ்வளவு எளிதான வழி ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று வெட்கமாகக்கூட இருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து நகரத்தின் முன் நின்றேன்.

“வாசலையும் தொறக்கமாட்டேன். சுரங்கமும் வேணாம். சனங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு கப்பல் நிக்கிற ஜெட்டிக்குப் போறேன். கப்பல் வரும், ஏறிப் போயிருவோம்.”

மாமா கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார்.

“வராது, தாயி.”

“லேட்டா வரும்.”

“மொத கப்பல் வரும். இதுல எடமில்ல, அடுத்த கப்பல்ல வாங்கன்னு சொல்லுவாக. அந்த அடுத்த கப்பல் வராது.”

“வரும்! எங்கப்பா கப்பல்ல இருக்காக!”

கத்தியபடியே நகரத்தை உதைத்தேன். கோபுரம் உருண்டது. மதிலை மிதித்தேன். சேனாதிபதி பயந்து அவன் வீட்டுக்கு ஓடிவிட்டான். அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

“என்ன பேச்சுண்ணே இது? அவரு கடல்ல கெடக்குற நேரத்துல? கப்பல் வந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. மண்ணு வீடுதானே.”

“வேற என்ன வேணாலும் சொல்றேன்த்தா. ராணி றெக்க முளைச்சுப் பறந்துட்டாகன்னு சொல்லட்டுமா? அது மட்டும் வாயில வரமாட்டேங்குது.”

அம்மா இன்னும் நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ கரண்டியைப் படியில் வைத்துவிட்டு, அந்த ஈர மண்ணிலேயே மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். பாதிக்கப்பட்டவள் நான். என் அப்பா நடுக்கடலில். ஆறுதல் அந்தப் பொய்யருக்கா? அதன்பின் மாமா எனக்கென்று எடுத்துவைத்த மீன் துண்டைக்கூட நான் தொடவில்லை.

ஒருநாள் காலை கப்பலின் சங்கு கேட்டது. டெலானிபூர் மேட்டிலிருந்து ஊரே இறங்கி ஓடியது. எங்கள் ஊரில் கப்பல் பார்க்கப் போக யாருக்கும் காரணம் வேண்டியதில்லை. அப்பா மெலிந்து, தாடியோடு, ஒரு வெங்காய மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். அம்மா அழுதாள். நான் அவர் காலைக் கட்டிக்கொண்ட மறுகணமே மாமாவைத் தேடினேன். எந்தக் கப்பல் வந்தாலும் முன்னால் நிற்பவர், அன்றும் தடுப்புக் கயிற்றை ஒட்டி நின்றிருந்தார்.

“வந்துச்சா இல்லையா? சொல்லுங்க, வந்துச்சா இல்லையா?”

“வந்துருச்சு, தாயி. ஒன் கப்பல் வந்துருச்சு.”

கப்பல் ஏணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

பர்மாவிலிருந்து இந்தியர்களை வெளியேற்றியபோது, மாமா ரங்கூனில் கப்பலேறிய அன்று அவர் ஒருவருக்குத்தான் அனுமதி கிடைத்ததாம். பர்மாக்காரியான அவர் மனைவியையும், என் வயதுள்ள மகளையும் அடுத்த கப்பலில் அனுப்பிவிடுகிறோம் என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள். அந்த ஆள் அப்படிச் சொல்லிவிட்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். நினைத்தால் இன்றும் என் உடம்பு எரிகிறது.

அப்பா வந்திறங்கிய அன்று எனக்கு எரிந்ததெல்லாம் மாமா தோல்வியைச் சரியாக ஒப்புக்கொள்ளவில்லையே என்றுதான். பயணிகள் தீர்ந்து, மூட்டை தூக்குபவர்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஜெயித்த ராணியின் தோரணையோடு அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“வாங்க மாமா. நம்ம ஆளுங்க எல்லாரும் எறங்கியாச்சு.”