கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்

ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் வேம்புலிக்குப் பள்ளிக்கூடத்தில் பேசத் தெரிந்தது ஒரே ஒரு வசனம்தான். அவனைப் பள்ளியில் சேர்த்த அன்று அவன் அப்பா வாத்தியாரிடம் சொன்னது அது. அதற்கு மேல் அப்பன்மார் அங்கே பேச ஒன்றுமில்லை என்பது வேம்புலியின் கட்சி.

அவன் மகள் விஜி பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். ஒரு பெரிய தனியார் பள்ளி அவளை இலவசமாகவே சேர்த்துக்கொண்டது. அங்கே போனதும் அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். வகுப்பு ஆசிரியை ஆக்னஸ் வேம்புலியை ஆசிரியர் அறைக்கு வரவழைத்தார்.

"எல்லாத்துக்கும் பதில் தெரியுது. ஆனா வாயைத் திறக்கவே பயப்படுறா. வீட்ல நீங்கதான் தைரியம் குடுக்கணும்."

வேம்புலி காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"கண்ண மட்டும் உட்டுட்டு தோல உரிச்சிடுங்க மிஸ்ஸு. இன்னான்னு கேக்க மாட்டேன்."

ஆக்னஸ் திகைத்துப்போனார். அப்போதுதான் பக்கத்தில் நின்றிருந்த விஜி வாயைத் திறந்தாள்.

"மிஸ், எங்கப்பாவுக்கு இத்த உட்டா வேற பேசத் தெரியாது. ஊட்ல ஒரு தபா கூட கை ஓங்குனதில்ல. நான் படிக்கசொல்ல டிவி கூட போட மாட்டாரு."

ஆசிரியர் அறையே சிரித்தது. விஜியும் சிரித்தாள். மறுநாள் வகுப்பில் முதலில் உயர்ந்தது அவள் கைதான்.

அந்த வாரம் முழுக்க வேம்புலி ஆட்டோவில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னான்: "ஒரே ஒரு வார்த்ததான் சொன்னேன் அண்ணாத்தே, பொண்ணு பயமெல்லாம் பூட்ச்சு. அப்பன் ஸ்ட்ரிக்ட்டா இருந்தாத்தான் புள்ளைக்குத் தைரியம் வரும்."

பின் சீட்டில் பையோடு உட்கார்ந்திருந்த விஜி, அங்கே மட்டும் வாயைத் திறக்கவில்லை.