கரையில் நின்று போட்ட மதிப்பெண்

பிலோமின்ராஜுக்கு நீச்சல் தெரியாது. ஏழு வயதில் அரசலாற்றில் முங்கித் தண்ணீர் குடித்தவர், அதன்பின் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. காரைக்காலில் இருபத்தெட்டு வருடமாக உடற்கல்வி ஆசிரியராக இருப்பவருக்கு இப்படியொரு குறை உண்டென்று மனைவி அமலராணியைத் தவிர யாருக்கும் தெரியாது. கேட்கவேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை, அந்த ஆடி மாதம் வரை.

ஆவணியில் நெடுந்தூர டிரையத்லான் நடத்த ஒரு சங்கம் ஏற்பாடு செய்தது. கிளிஞ்சல்மேட்டுக் கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீச்சல், திருநள்ளாறு வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். பாதை எவ்வளவு கடினம் என்று ஐந்துக்கு மதிப்பெண் போட்டுத் தரும் பொறுப்பு பிலோமின்ராஜுக்கு வந்தது. உள்ளூர்க்காரர், விளையாட்டு தெரிந்தவர். வேறு யாரைக் கேட்பார்கள்?

சைக்கிள் பாதையை ஸ்கூட்டரில் இரண்டு முறை சுற்றினார். எங்கும் வயல், தட்டையான சாலை. மேடு என்று எழுத அவருக்குக் கிடைத்தது ஆற்றுப் பாலம் ஒன்றுதான். கடலைப் பார்க்க விடியற்காலையில் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனார். அலையே இல்லை. ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டிருந்த மீனவர் தியாகராசன் கூப்பிட்டார்.

"ஏறுங்க சார், கொண்டுபோயி விடுறேன். எறங்கி நீந்திப் பாருங்க. மேலதான் இப்படிப் படுத்துக் கெடக்கும், அடியில வடக்க இழுக்கும்."

"மாத்துத்துணி எடுத்துட்டு வரலப்பா."

"கடலுக்கு வர்ற ஆளு மாத்துத்துணி இல்லாமயா வருவாரு? புள்ளைங்களுக்குத் தரையில படுக்கவச்சுத்தான் நீச்சல் சொல்லிக் குடுக்குறீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிலோமின்ராஜும் சிரித்தார். சிரித்துக்கொண்டே படிவத்தில் நீச்சல் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினார். கீழே, 'எளிது. முதன்முறை கலந்துகொள்வோருக்கு ஏற்றது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்த ஒரு வரியை நம்பிப் பெயர் கொடுத்தவள் சிவப்ரியா. விழிதியூர் விவசாயி திருஞானசம்பந்தத்தின் மகள், வங்கியில் வேலை, முன்பு பிலோமின்ராஜிடம் படித்தவள். ஊர்க் குளத்தில் எட்டு மாதம் நீந்தியிருந்தாள். அவள் எங்கே, அந்தக் கடல் எங்கே!

போட்டியன்று கடல் அவளை வடக்கே இழுத்துக்கொண்டு போனது. எவ்வளவு கை போட்டும் மிதவை தள்ளித் தள்ளியே நின்றது. முக்கால் மணி நேரம் போராடியவளைத் தியாகராசன்தான் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். துண்டைப் போர்த்தி மணலில் உட்கார்ந்திருந்தவளிடம் பிலோமின்ராஜ் ஓடினார். அவள் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"மன்னிச்சுடுங்க சார். ஈசியான கோர்ஸ். அதுலயே என்னால முடியல."

பழித்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் மன்னிப்புக் கேட்டாள். "பரவால்லம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார். அப்படிச் சொன்ன நாக்கை இன்றும் அவர் வெறுக்கிறார்.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மாலை, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு மாதா கோயிலில் வரிசையில் நின்றார். முன்னால் இரண்டே பேர். திரைக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டுச் சாமியாரிடம் சொல்லிவிட்டால் மனம் லேசாகிவிடும். ஆனால் விழிதியூரில் ஒரு பெண் தன்னையே கையாலாகாதவள் என்று நம்பிக்கொண்டிருப்பாளே! வரிசையிலிருந்து விலகி ஸ்கூட்டரை எடுத்தார்.

சிவப்ரியாவின் வீட்டு வாசலில் அவளுடைய போட்டி சைக்கிளை யாரோ ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தார். திருஞானசம்பந்தம் வரவேற்றார்.

"வாங்க சார். ஈசின்னு போட்டதுலயே படகுல ஏறி வந்த மவராசி உள்ளதான் இருக்கா. தெருவுல தல காட்ட முடியல."

"அது ஈசி இல்லைங்க" என்றார் பிலோமின்ராஜ். உள்ளேயிருந்து வந்து நின்றவளிடம் திரும்பினார். "நான் தண்ணியில எறங்கவே இல்லம்மா. கரையில நின்னு எழுதிட்டேன். எறங்கிப் பாக்கச் சொன்னாங்க, பொய் சொல்லிட்டு வந்துட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது."

திருஞானசம்பந்தம் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார், மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். சைக்கிள் வாங்க வந்தவர் மெல்லக் கிளம்பினார்.

"எட்டு மாசம் சார்" என்றாள் சிவப்ரியா.

பிலோமின்ராஜ் வரும் வழியில் நிறுத்தி எழுதிய ஒரு தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். திருத்திய மதிப்பீடு. நீச்சலுக்கு ஐந்துக்கு ஐந்து. காரணம் என்ற இடத்தில், 'முன்பு மதிப்பிட்டவர் கடலில் இறங்கவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது.'

"இத போட்டி வாட்ஸ்அப் குரூப்புல போட்டுடும்மா."

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு திருப்பி அவர் கையிலேயே வைத்தாள்.

"நான் போட மாட்டேன். நீங்களே போடுங்க சார்."

அந்தக் குழுவில் இருநூறு பேர். அவரிடம் படித்தவர்கள், உடன் வேலை பார்ப்பவர்கள், தலைமை ஆசிரியர்கூட. பிலோமின்ராஜ் தாளைப் படம் எடுத்தார். அவள் பார்த்துக்கொண்டு நிற்க, அனுப்பினார்.

ஒரு நிமிடத்துக்குள் முதல் பதில் வந்தது. பழைய மாணவன் ஒருவன்: "சார், நெசமாவா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'ஆமாம்' என்று எழுதினார்.