ஆடி முடியட்டும் என்றோம்

பிரசவத்துக்குத் துணையாக இருக்க எங்கள் இருவரையும் சிங்கப்பூருக்கு அழைத்த மகள், ஆவணியில் கிளம்ப விமான டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டாள். கடத்தூரில் டிராவல்ஸ் நடத்தும் பெண்ணிடம் பயண இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டோம். "இப்பவே எடுத்துக்குங்க அக்கா. நடுவுல யாருக்காவது முடியாம போனா டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும்" என்றாள். என் கணவரோ, "ஆடியில புதுசா எதுவும் வேண்டாம்மா. கெளம்பறப்ப எடுத்துக்கலாம்" என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

அடுத்த வாரமே தக்காளித் தோட்டத்து வரப்பில் வழுக்கி விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, இப்போது எடுத்தால் செல்லுமா என்று கேட்டேன். "அடிபட்ட அப்பறம் எடுத்தா இதுக்குச் செல்லாதுங்க அக்கா. டிக்கெட்ட விடுங்க, மொதல்ல அண்ணனப் பாருங்க" என்றாள். அம்மா பக்கத்தில் இல்லாமலே மகள் பிள்ளை பெற்றாள். பேத்தியைப் போனில்தான் பார்த்தோம்.

இந்த வருடம் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு மகள் மறுபடி டிக்கெட் அனுப்பினாள். அன்றைக்கே டிராவல்ஸுக்குப் போய்விட்டோம். வாசலில் எனக்குத்தான் கால் தயங்கியது. "ஆடி பொறந்துருச்சுங்களே, பரவால்லீங்களா?" என்றேன்.

"ஆடின்னு எங்காலு ஒடையாமயா இருந்துச்சு? உள்ள வா" என்றார்.