கருமி மேடம் சொன்ன அளவு

அணைக்கட்டு அலுவலகத்தில் அவளுக்குக் கருமி மேடம் என்று பெயர். விவசாயிகள் வைத்த பெயர்தான். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். விதைப்புக்கு முன்னால் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டு அறிவிப்பது அவள் வேலை. இன்னும் பெய்யாத மழையை நம்பிப் போடும் கணக்கு. வானம் காலை வாரினால் யார் பொறுப்பு? அதனால் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே கையை இறுக்கித்தான் சொல்வாள். பயிர் பாதி வளர்ந்தபின், கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கிறது என்று மதகை இன்னும் கொஞ்சம் தூக்கிவிடுவாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்க்க வேண்டுமே.

வீட்டிலும் அதே புத்திதான். யாரும் தாமதமாகக் கிளம்பக் கூடாதென்று கூடத்துக் கடிகாரத்தைச் சற்று முன்னால் தள்ளியே வைத்திருப்பாள். கணவரும் மகளும் அதைக் கழித்துப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகப் பல் தேய்ப்பார்கள். அதைப் பார்த்தாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இந்த வருஷம் அணையில் ஒளித்துவைக்க ஒன்றுமே இல்லை. மழை வரலாம், வராமலும் போகலாம் என்று வானிலைக்காரர்கள் வழவழ கொழகொழவென்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார்கள். கூட்டத்தில் அவள் உள்ளதைப் போட்டு உடைத்தாள். பாதி நிலத்துக்குத்தான் தண்ணீர், அதற்கு மேல் விதைக்காதீர்கள், இந்தத் தடவை கையிருப்பு கிடையாது என்றாள். எல்லோரும் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார்கள். வெளியே வந்ததும், மேடம் பாதி என்றால் முக்கால் என்று அர்த்தம் எனப் பேசிவைத்து முக்காலுக்கு விதைத்தார்கள். வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் நிலம் வைத்திருக்கும் அவள் கூடப் பிறந்த தம்பி ஒரு படி மேலே போய், நிலம் முழுக்க மக்காச்சோளம் போட்டுவிட்டான். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, சொந்த அக்கா இருக்கும்போது எனக்கென்ன கவலை என்றான்.

மழை ஏமாற்றிவிட்டது. பயிர் இடுப்பளவு நிற்கும்போது அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. இருக்கிற தண்ணீரை எல்லோருக்கும் பிரித்தால் ஒருவருக்கும் கதிர் பிடிக்காது. கடைமடையை மூடினால் மற்றவர்களாவது பிழைப்பார்கள். அங்கே போகிற தண்ணீரில் பெரும்பங்கை வழியிலேயே மண் குடித்துவிடுகிறது. தம்பிக்காக வேறு வழி இருக்கிறதா என்று அவள் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். இல்லை. கடைமடையை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

தம்பிக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம். பச்சையாக இருக்கும்போதே அறுத்தால் மாட்டுக்குத் தீவனமாவது ஆகும். காய விட்டால் அதுவும் போச்சு. அதைச் சொல்ல அவளே நிலத்துக்குப் போனாள். இலைகள் சுருள ஆரம்பித்திருந்தன. வாய்க்காலில் ஈரம் மட்டும் இருந்தது. அறுப்பதா வேண்டாமா என்று தெரியாமல், பக்கத்து நிலத்துக்காரர்கள் அரிவாளும் கையுமாக வரப்பில் நின்றார்கள்.

"இன்னைக்கே அறுத்துடுடா," என்றாள். "தண்ணி வராது."

தம்பி குரலைத் தாழ்த்தினான். "எவ்வளவு வெச்சிருக்கக்கா?"

"ஒண்ணுமே இல்லடா. உங்கிட்ட பொய் சொல்வேனா?"

"பொய்யுன்னு யாரு சொன்னா? நீ என்னைக்காவது சொன்ன அளவோட நிறுத்தியிருக்கியா? எப்பவும் கூடத்தானே குடுத்திருக்க."

இத்தனை வருஷமும் அவள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். மகள் மேல் ஆணையாகச் சொன்னாள். அப்படியும் அவன் அசையாததைப் பார்த்து, ஊரார் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதுவிட்டாள்.

அக்கா அழுது அவன் பார்த்ததே இல்லை. முகம் இளகி, அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

"அழாதக்கா. ஆபீஸ்ல உனக்கு என்ன நெருக்கடியோ, இருக்கறதச் சொல்ல முடியல. எனக்குப் புரியுது. நான் வெளிய மூச்சு விடமாட்டேன்."

சொல்லிவிட்டு வரப்புக்குப் போய், காத்திருந்தவர்களின் காதில் ஏதோ சொன்னான். அவர்கள் அவள் பக்கம் திரும்பி நிம்மதியாகச் சிரித்தார்கள். பிறகு ஒரு சோளத்தட்டையைக்கூட அறுக்காமல், அரிவாள்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.