புழு இல்லாத கதிர்

வெளுத்துப்போன கேழ்வரகுக் கதிர் ஒன்றை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. தண்டைப் புழு குடைந்திருந்தால் இழுத்ததும் கையோடு வந்திருக்க வேண்டும். செடியைப் பிடுங்கித் தண்டை நகத்தால் கீறினேன். துளையும் இல்லை, புழுவும் இல்லை. கதிருக்குக் கீழே கழுத்து மட்டும் கறுத்துச் சுருங்கியிருந்தது. இது பூச்சியே இல்லை, நோய்!

அப்பாவோ புழு என்று நம்பிச் சாம்பல் தூவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் காட்டினேன்.

“புழு இல்லீங்கப்பா, கழுத்து அழுகுது. இலையப் பாருங்க, கண்ணு கண்ணாப் புள்ளி.”

“சேலத்துல படிச்சவன் சொன்னா புழு ஓடிப்போயிருமா சாமி?” என்றார். கை நிற்கவில்லை.

கேழ்வரகுக் காட்டைச் சுற்றி வந்தேன். போகப்போகப் பயம் கூடியது. பலா நிழலில் பனி காயாத வடகிழக்குச் சனி மூலையில்தான் நோய் அதிகம். எங்கள் மலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் முதல் அறுப்பு அந்த மூலையில்தான். அந்தக் கூடையைச் சாமிக்கு வைத்து, அதிலிருந்தே விதை எடுப்போம். இந்த வருஷம் அந்த விதைக்காகத் தேவனூர் நாட்டில் கட்டிக்கொடுத்த அக்கா வந்து காத்திருந்தாள். அவர்கள் வீட்டில் விதைக் கேழ்வரகையும் கஞ்சி காய்ச்சிக் குடித்தாயிற்று. இந்த நோய் விதையோடும் பரவும் என்று எங்கள் விவசாய வாத்தியார் சொல்லியிருந்தார்.

அக்காவிடம் சொன்னதும் சிரித்தாள். “படிச்ச புழு ஒண்ணு காட்டுக்குள்ள பூந்திருச்சுங்கப்பா!” சிரித்துக்கொண்டே மூலையிலிருந்த கதிரொன்றை உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். பதரெல்லாம் பறந்தது. கையில் ஒரு மணிகூட மிஞ்சவில்லை. அவள் சிரிப்பும் நின்றது.

அப்பா சாம்பல் கூடையை இறக்கி வைத்தார். “சாமி மூலைய உட்டுட்டு வெதைக்கு வேற எங்கடா அறுக்கிறது?”

“சாமிக்கு ஒரு கை இங்கயே அறுங்க. வெதைய நான் மேக்கால எடுத்துக்கறேன்” என்றாள் அக்கா.

அப்பா என்னைப் பார்த்தார். “மேக்கால சுத்தமா இருக்குதுன்னு நீ சொல்லுவியா?”

பச்சையாக நிற்கும் கதிருக்குள்ளும் அது இறங்கியிருக்கலாம். நான் தப்பாகப் பார்த்தால் அக்கா வீட்டுக் காடும் இப்படித்தான் வெளுக்கும்.

நாளைக் காலை பனி விலகியதும் மேற்குப் பக்கம் இறங்கப் போகிறேன். ஒவ்வொரு கழுத்தாகத் திருப்பிப் பார்த்து, கறுப்பில்லாததில் மட்டும் விதைக்கு அடையாளமாக நார் கட்ட வேண்டும். அறுப்பு வரை தினமும் பார்த்து, கறுத்தவற்றில் அவிழ்த்துவிட வேண்டும். அக்கா இப்போதே நார் கிழித்துக்கொண்டிருக்கிறாள், நிறைய.